கூட்டத்துக்கு ஒரு ஆள்

இன்று காலை மண்டபத்துக் கதவைத் திறந்ததும் உன் வாசனை வந்தது. பூவோ சந்தனமோ இல்லை. புகை மிஷினில் ஊற்றுகிற தண்ணீர் சூடாகி வருமே, பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனை, அது. உன் சட்டை, உன் வண்டி, நீ சாய்ந்து உட்கார்ந்த நாற்காலி எல்லாவற்றிலும் அது இருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்பதை ஒரு கணம் மறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் பாகூர்க்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை என் மகளுக்கு ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் பேசி அனுப்பிய டிஜே அவன். விளக்குகளை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வந்திருந்தான்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஆட்களை எண்ணினேன். ஆறு பேர். ஒருவன் பாட்டு, ஒருவன் லைட், ஒருவன் புகை, இரண்டு பேர் இரும்புச் சட்டம் பூட்டுகிறவர்கள். ஆறாவது ஆள் சும்மா செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ரீல்ஸ் எடுக்கிற ஆள் என்றார்கள். பந்தியில் முதல் ஆளாக உட்காரப்போவது அவன்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

எல்லா விளக்கையும் ஏற்றிவிட்டு ஒரே ஒரு பெட்டியை மட்டும் திறக்காமல் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அதில் என்ன என்றேன். ஸ்ட்ரோப் என்றான் பாகூர்க்காரன். பட்பட்டென்று கண்ணில் வெட்டி வெட்டி அடிக்குமே, அந்த வெள்ளை விளக்கு. அதை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று நான் வீட்டிலிருந்தே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். மண்டபத்து ஒயரிங் தாங்காது, போன மாதம்கூட மெயின் பொசுங்கிவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"மாப்ள சாரு வேணாம்னுட்டாரு சார். தனியா போன் பண்ணி சொன்னாரு. எத்த வேணா போடு, அத்த மட்டும் வெளிய எடுக்காதன்னு."

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த விளக்கு என் மகளுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். நீ இல்லை. எனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் மாப்பிள்ளைக்கு யார் சொன்னது?

உன்னிடமும் ஒரு காலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டேன். நீ பதில் சொல்லாமலே போய்விட்டாய்.

வில்லியனூரில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே நீ என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிட்டாய். என் பென்சிலை எடுத்தது யார் என்று வகுப்பு முழுவதையும் விசாரித்ததால் வந்த பெயர். பென்சில் என் காதில் இருந்தது. அந்தப் பெயரைக் கடைசிவரை நீ விடவில்லை. அப்பா மளிகைக்கடையைப் பெரிதாக்கி, அதற்குப் பின்னால் இந்தச் சின்ன மண்டபத்தையும் கட்டினார். எனக்குச் சந்தேகப்பட இன்னும் பெரிய இடம் கிடைத்தது. சமையல்காரர், பூக்காரர், வீடியோக்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை. நீ ரேடியோ செட் போட்டுக்கொண்டிருந்து, பிறகு டிஜே ஆனாய். வருகிற டிஜேக்கள் எல்லாம் லாரியில் விளக்கு கொண்டுவந்து இறக்க, நீ மட்டும் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டியில் வருவாய். ஓரத்துக்கு இரண்டாகக் கலர் விளக்கு, முன்னால் முகத்துக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான் உன் சரக்கு.

எனக்கு அதுவே சந்தேகம். கொண்டுவராத விளக்கெல்லாம் வேறு எந்தக் கல்யாணத்தில் எரிகிறது? ஒருமுறை உன் வண்டிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தேன். நீ நேராக உன் வீட்டுக்குப் போய், விளக்குகளைத் துடைத்து அடுக்கிவிட்டுத் திரும்பி, "காபி குடிச்சிட்டு போ, சிஐடி" என்றாய். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாய்.

திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனியில் மேனேஜராக இருந்த ஒருவர், தன் மகன் கல்யாணத்துக்குச் சுழலும் விளக்கு குறைந்தது எட்டு வேண்டும் என்று உன்னிடம் அடம்பிடித்தார். நீ அவரை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னாய். கூரை இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, இதில் எட்டு சுழலும் விளக்கைப் போட்டால் சுவரில் இருக்கிற பல்லிதான் ஆடும், ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள் என்றாய். பக்கத்தில் ஆடுகிறவன் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும், அதற்கு மேல் அடிப்பது வெளிச்சம் இல்லை, வியாபாரம் என்றாய். டிஜே மேலேயாவது ஒரு ஸ்பெஷல் லைட் வேண்டாமா என்று கேட்டார் பாவம். நான் என்ன மாப்பிள்ளையா என்று நீ திருப்பிக் கேட்டாய்.

கஞ்சத்தனம் என்றும் சொல்ல முடியவில்லை. ஏம்பலத்தில் அறுத்த வயலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணத்துக்கு, யாரும் கேட்காமலே இரண்டு மடங்கு விளக்கும் ஆட்களும் கொண்டுபோனாய். ஆடுகிற இடத்துக்கு வழக்கமான அளவுதான். மிச்சமெல்லாம் வரப்பு வழியாக வருகிறவர்களுக்கு, வாய்க்கால் ஓரத்துக்கு, கை கழுவுகிற இடத்துக்கு. ஜெனரேட்டர் பக்கத்தில் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வீட்டுக்காரர்கள் உன்னைப் புகழ்ந்தார்கள். நான் மட்டும், இவன் இங்கே ஏன் இவ்வளவு செய்கிறான், அந்த வீட்டோடு என்ன உறவு என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

உன்னிடம் எனக்குப் பிடிபடாத ஒன்று அருள்தாஸ்தான். முப்பது வயது தாண்டிய ஆள், ஏம்பலத்துக்காரன், பேச்சு குறைவு. பாட்டுக்கு ஒருத்தன், ஒயருக்கும் லைட்டுக்கும் ஒருத்தன், கூட்டத்துக்கு ஒருத்தன் என்பது உன் கணக்கு. முதல் இரண்டு எனக்குப் புரிந்தது. அந்த மூன்றாவது ஆள் எதற்கு? அருள்தாஸ் சுவரில் முதுகைக் கொடுத்து நிற்பான். எதையும் தூக்க மாட்டான், எதையும் தொட மாட்டான். கூட்டத்தைப் பார்ப்பான். எப்போதாவது உன்னைப் பார்த்துக் கையை லேசாகத் தாழ்த்துவான். நீ சத்தத்தைக் குறைப்பாய். நிற்பதற்கு ஓர் ஆளா என்று உன் வாடிக்கைக்காரர்கள் எல்லோருமே கேட்டார்கள். அவன் உனக்கு வெளியே தெரியாத சொந்தம் என்றுகூட நான் நினைத்திருக்கிறேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. என் மனைவி சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், வலிப்பு என்றால் இரும்பைத் தேடி ஓடுவது. நான் என்ன செய்தேன் என்றால், ஜன்னல்களைச் சாத்தினேன். அக்கம்பக்கம் பார்க்கக்கூடாது. பெண்பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவள். இங்கேயே எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, தெரிந்த முகம் எதுவும் வராது என்று கடலூர் வரை கூட்டிப்போனேன். சாவி எல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மாத்திரையை விடாதீர்கள், வெட்டி வெட்டி மின்னுகிற வெளிச்சம் இவளுக்கு ஆகாது என்றார் டாக்டர். உறவுக்காரர்களிடம் ரத்தசோகை என்று சொன்னோம். டாக்டர் சொல்லியும் கேட்காமல், எங்கே போனாலும் அவள் பாவாடை மடிப்பில் ஒரு பழைய இரும்புச் சாவியை வைத்துத் தைத்து அனுப்பினாள் என் மனைவி.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம் என் தங்கை மகனுக்கு இதே மண்டபத்தில் ரிசப்ஷன். நீதான் டிஜே. என் மகள் அத்தை பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்திருந்தான். ஆனால் அன்று அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நகர்ந்தால் அவன் கண்ணும் நகர்ந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவன் திமிறவில்லை. அண்ணன்தான் பார்க்கச் சொன்னார் என்றான்.

நேராக உன்னிடம் வந்தேன். ஒரு காதில் ஹெட்போனை மாட்டியபடி அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாய்.

"நான்தான்டா பாக்க சொன்னேன். உம் பொண்ண மட்டும் பாத்துக்கினு இருன்னு சொன்னேன். அந்த வெள்ள லைட்ட எடுத்தாரல, அத்தயாவது பாத்தியா நீ?"

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் நான்காவது ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தாவதாக ஓர் ஆள் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். யார் சொன்னது என்று கேட்டேன். உன் காதைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். நீ பாட்டை மாற்றிவிட்டு, கையால் கூட்டத்துக்குள் என் மகளைக் காட்டினாய்.

"எப்பிடி ஆடுது பாரு. மொதல்ல அத்த பாருடா."

நான் பார்க்கவில்லை. நாம் பேசியது யார் காதிலாவது விழுந்ததா என்றுதான் சுற்றிலும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் விசாரிக்காத ஆள் இல்லை. முதலில் மனைவி. நீதான் உளறியிருப்பாய் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் கும்பிட்டுச் சத்தியம் செய்தாள். ஒரு கட்டத்தில் சத்தியம் செய்வதையும் நிறுத்திவிட்டு, பதில் பேசாமல் சோறு போட ஆரம்பித்தாள். கடலூர் டாக்டரின் உதவியாளரைச் சந்தேகப்பட்டேன். மருந்துக்கடையை மூன்று ஊருக்கு மாற்றினேன். நீ வழக்கம்போல வந்து போனாய், என் மகள் ஆடுகிற இடத்தில் எல்லாம் அந்த விளக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டாய், கேட்டால் மட்டும் சிரித்தாய். பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. உன்னைப் பார்க்க வந்த இடத்திலும் எனக்குள் அந்தக் கேள்விதான் முன்னால் நின்றது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் அருள்தாஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்றுதான் அவனாக வாயைத் திறந்தான். நம் மண்டபத்துக்கு வர ஆரம்பிக்கும் முன்னால் நீயும் லாரி நிறைய விளக்கோடு போனவன்தானாமே. கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு கல்யாணம். ஸ்ட்ரோப் அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் ஆடிய இடத்திலேயே விழுந்திருக்கிறாள். உன் கண் லேப்டாப்பில். லைட்காரன் புகை மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மற்ற ஆட்கள் எல்லாம் வெளியே வண்டியில். கூட்டம் சாவி, இரும்பு என்று ஓடியது. விளக்கை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை ஆட்களோடு போயும் அந்தப் பெண்ணைப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சீக்கு உள்ள பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மறுவாரமே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகுதான் விளக்கைக் குறைத்தாய், சுவரோரம் ஓர் ஆளை நிறுத்தினாய்.

அதைக் கேட்டதும் என் சிஐடி மூளைக்குச் சட்டென்று விடை கிடைத்துவிட்டது. சாவி! சாவிக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பை அன்று நேரில் பார்த்தவன் நீ. என் மகள் பாவாடை மடிப்பில் துருத்திக்கொண்டிருந்த சாவியைப் பார்த்து நீயே கண்டுபிடித்திருக்கிறாய். யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், சரி, நீ சொல்லவில்லை என்று பெரிய மனசு பண்ணித் தீர்ப்பு சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் அன்று விளங்கவில்லை.

இன்று காலை அந்தத் தீர்ப்பு உடைந்தது. மாப்பிள்ளை எந்தச் சாவியையும் பார்த்ததில்லை. மகள் புடவைக்கு மாறி, சாவியை விட்டு எவ்வளவோ நாளாகிறது. அப்படியானால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அருள்தாஸுக்குப் போன் போட்டேன். இல்லை என்றான். நம்பவில்லை. மனைவியை நினைத்தேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது இது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் காதுக்கும் போயிருந்தால், அந்தக் கடலோரத்துப் பெண்ணுக்கு நடந்தது என் பெண்ணுக்குத் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே நடக்கும். பாகூர்க்காரனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மகள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு யார் சொன்னது என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அம்மா தலையைத் தூக்கவில்லை. மகள்தான் ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

தான்தான் சொன்னதாகச் சொன்னாள். இருவரும் போனில் பேச ஆரம்பித்த முதல் வாரமே சொல்லிவிட்டாளாம். அவர் அவருடைய அப்பா அம்மாவிடமும் சொல்லிவிட்டாராம். அவர்கள் ஒரு நாள் யோசித்துவிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று மட்டும் கேட்டார்களாம். எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள்.

"மாமாவுக்கும் நான்தான்பா சொன்னேன். பத்தாவது படிக்கும்போது. நம்ம மண்டபத்துல லைட்டு தொடச்சிக்கினு இருந்தாரு. உனக்கு ஒடம்பு எப்பிடிம்மா இருக்குன்னு கேட்டாரு, சொன்னேன். நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கினேன். அம்மாவுக்குத் தெரியும்."

நீ சிரித்துச் சமாளித்த அத்தனை தடவையும் எனக்கு முன்னால் வந்து நின்றது. உன் காதைப் பிடித்து இழுத்தபோதும் நீ அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாய். என் மனைவியும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு சோறு போட்டிருக்கிறாள். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதுவும் ஒரு விசாரணைதான் என்று தோன்றியது. அதனால், எனக்கு வழக்கமில்லாத ஒன்றைக் கேட்டேன். அது வரும்போது உனக்கு எப்படிம்மா இருக்கும் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். என் மகள் அல்லவா. பிறகு மெதுவாகச் சொன்னாள். முதலில் ஓரக்கண்ணில் ஏதோ மினுக்குமாம், வாயில் செம்புக் காசு வைத்த மாதிரி இருக்குமாம். விழுவது அவளுக்குத் தெரியாது. வலியும் அவ்வளவாக இருக்காது. எழுந்த பிறகுதான் கஷ்டம் என்றாள். உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி இருக்குமா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"கண்ணத் தொறந்ததும் மொதல்ல உங்களத்தான் தேடுவேன்பா. நீங்க பக்கத்துலதான் இருப்பீங்க. ஆனா என்னப் பாக்க மாட்டீங்க. வேற யாரு பாத்தாங்கன்னு பாத்துக்கினு இருப்பீங்க."

அம்மா பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் ஊசியை எடுத்து அடுத்த கொக்கியைத் தைக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மண்டபத்துக்குத் திரும்பினேன். பாகூர்க்காரனிடம், ஆறு பேரில் நாலு பேரை வைத்துக்கொள், சுழலும் விளக்கில் பாதியை இறக்கு, முன்னால் முகத்துக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் போடு என்றேன். ரீல்ஸ்காரனைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, மகளுக்குப் பிடிக்கும். அருள்தாஸை வரச் சொல்லியிருக்கிறேன், அவன் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வான் என்றேன். அப்படியானால் நீங்கள் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பீர்களா என்று அவன் கேட்டான். பெண்ணைப் பெற்றவன் நிற்க வேண்டிய இடம் அதுதான். அங்கே என் தங்கை புருஷனை நிறுத்தப்போகிறேன். வெள்ளிக்கிழமை நான் மேடைக்குக் கீழே, அவள் கண்ணைத் திறந்தால் நேராகத் தெரிகிற இடத்தில் இருப்பேன். யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று மறுநாள் கேட்டால் எனக்குத் தெரியாது.